லட்சுமி போட்ட பை

"இன்னாம்மே, லட்சுமியக் காலால எட்டித் தள்ளச் சொல்றியா? உன் ஊட்ல சாமி படமே கெடயாதா?"

"காலால எவ தள்ளச் சொன்னா? கை இன்னா, வாடகைக்கு உட்டுகீறியா?"

"உள்ள செங்கல்ல வச்சிட்டுக் கெளம்பிப் பூட்டே. கையால தூக்கி, பிடி அறுந்துச்சின்னா? உன் வாய்க்கு எவ பதில் சொல்றது? நானா? எனுக்கு இன்னா வேற வேல இல்லியா?"

"வேல இருக்கறவ ஏன்டி அடுத்தவ எடத்துல வந்து நிக்கற?"

திருமுல்லைவாயில் கூட்டுறவுக் கடை வாசலில் வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இந்தக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. லட்சுமிக்காக வாதாடியவள் கஸ்தூரி. வாடகைக் கை கேட்டவள் நாகவல்லி. இரண்டு பேருக்கும் ஒரே தெரு. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒருத்தி வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்தவள் வீட்டில் தும்முவார்கள். அப்படியும் எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்கள். எட்டு மாதத்துக்கும் சேர்த்துத் திறந்தார்கள்.

பேச்சு நின்றதற்கும் ஒரு காரணம் உண்டு. நாகவல்லியின் மகள் பேபிக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்த நாளில், கஸ்தூரி தன் கொழுந்தன் துலுக்கானத்துக்குக் கேட்டாள். துலுக்கானம் சைக்கிள் கடை வைத்திருந்தான். அதாவது, ஒரு பம்ப்பும் ஒரு மர ஸ்டூலும் வைத்திருந்தான். "பம்ப்ப நம்பி பொண்ணு குடுக்கறதா?" என்று நாகவல்லி தன் புருஷன் கன்னியப்பனிடம் சொன்னது சுவர் வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றோடு சரி.

அந்தக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்காரர்களின் பண்டகசாலையாக இருந்தது, எழுபத்தெட்டு சித்திரையில் பெயர்ப் பலகையை மாற்றி 'சூப்பர் மார்க்கெட்' ஆகிவிட்டது. முன்பெல்லாம் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்று எடுத்துக் கொடுப்பார். இப்போது ஜனங்களே உள்ளே போய், அலமாரியில் வேண்டியதை எடுத்துக்கொண்டு பில் மேஜைக்கு வர வேண்டும். மேஜை ஒன்றுதான். அதில் உட்கார்ந்து பில் போடுகிற கஜபதியும் ஒருவன்தான். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதுவான். அழகான கையெழுத்து, அதைத் தானே ஒரு தடவை தள்ளி வைத்துப் பார்த்துக்கொள்வான். காகிதப் பொட்டலம் போய் பிளாஸ்டிக் கவர் வந்தது. வரிசை மட்டும் முன்பு மளிகைக்கடை மூலையோடு முடிந்தது, இப்போது ரயில்வே கேட் வரைக்கும் போனது.

அதிலும் மாதத்தின் முதல் வியாழக்கிழமை என்றால் திருவிழாதான். கட்டுப்பாட்டு விலைச் சர்க்கரையும் பாமாயிலும் லாரியில் வந்து இறங்குகிற நாள். கார்டுக்கு இரண்டு கிலோ சர்க்கரை. வருகிற மூட்டைகள் வரிசையின் பாதிக்குத்தான் தாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே பைகள் வந்து நின்றுவிடும்.

ஆமாம், பைகள். ஆட்கள் ஏழு மணிக்கு மேல்தான். குழாயில் தண்ணீர் வருகிறதும் அதே நேரம் என்பதால், குழாயடியில் குடம் நிற்கும், கடை வாசலில் பை நிற்கும், பெண்கள் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார்கள். பைக்குள் அரைச் செங்கல். காற்றில் போகாது, போகிற வருகிற மாடும் இழுக்காது. பை இருந்தால் ஆள் இருந்த மாதிரி. கடை திறந்து ஏழெட்டுப் பேராக உள்ளே விடும்போது வரிசை நகரும். ஆள் இல்லாத பையை அதற்குப் பின்னால் நிற்கிறவள் காலால் ஒரு தள்ளு தள்ளி முன்னே நகர்த்திவிட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் எவளும் அடுத்தவள் பையைத் தள்ளாமல் விட்டதில்லை. மஞ்சள் துணிப்பை, காக்கிப் பை, பழைய கால்சட்டையை வெட்டித் தைத்த பை என்று எல்லாமே காலால் தள்ளுப்பட்டு அடிப்பக்கம் தேய்ந்துபோன பைகள்.

நாகவல்லி அன்றைக்கு எடுத்து வந்தது வேறு பை. போன தீபாவளிக்குப் புரசைவாக்கம் ஜவுளிக்கடையில் பட்டு மாதிரி ஒன்று எடுத்தபோது கொடுத்த பிளாஸ்டிக் பை. கெட்டி பிளாஸ்டிக், கைப்பிடி வைத்தது. இரண்டு பக்கமும் தாமரையில் நிற்கிற லட்சுமி, நாலு வர்ணம். பத்து மாதமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யார் வந்தாலும் அந்த ஆணிப் பக்கமாகத்தான் பாய் போடுவாள். அதை வெளியே எடுத்ததற்குக் காரணம் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பேபிக்கு நிச்சயதார்த்தம். நெமிலிச்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள். நாலு பேர் பார்க்க நல்ல பையாகப் போகட்டுமே என்று நினைத்தாள். நாலு பேர் என்றால் முக்கியமாகக் கஸ்தூரி.

பேபிக்கு இருபத்து நாலு முடிந்துவிட்டது. மூன்று இடம் வந்து போயிற்று. ஒன்று ஜாதகத்தில் போனது, ஒன்று நகையில் போனது, ஒன்று காரணமே சொல்லாமல் போனது. இது நாலாவது. மாப்பிள்ளை லட்சுமணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான், பீடி கூடக் குடிப்பதில்லை. வருகிறவர்களுக்கு லட்டு பிடித்து வைப்பதாகக் கன்னியப்பன் மாப்பிள்ளையின் தாயாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னவருக்கு என்ன, வெளிக்கடையில் சர்க்கரை தங்கம் விற்கிற விலை விற்றது. இந்த இரண்டு கிலோ கிடைத்தால் லட்டு உண்டு. இல்லை என்றால், முதல் நாளே வாக்குத் தவறின வீடு என்று பெயர் வரும்; இதுவும் போய்விட்டால் ஐந்தாவது இடத்துக்கு எங்கே போவது என்று நாகவல்லி ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

ஐந்து மணிக்குப் பையை வைத்தபோது அது எட்டாவது இடம். ஒன்பதாவது கஸ்தூரி. பத்தாவது, தையல்கடை உஸ்மான் கனியின் மனைவி ஜுலைகா. அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் எட்டரைக்குத்தான் வந்தது.

கடை திறந்தது. முதல் நகர்வு. நாகவல்லியின் பைக்கு முன்னால் இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். கஸ்தூரி குனிந்து பையைப் பார்த்தாள். லட்சுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"யக்கா, தள்ளு. வழிய மறச்சிகினு கீது," என்றாள் பின்னால் நின்ற ஜுலைகா.

"எப்டித் தள்றது? சாமி கீது பாரு."

"அப்பிடித் திருப்பு."

"அந்தப் பக்கமும் கீது."

கஸ்தூரி யோசித்தாள். பிறகு திரும்பி, "ஜுலைகா, நீ தள்ளேன். ஒனக்குப் பாவம் கெடயாதே," என்றாள்.

"நல்லா கீது யக்கா உன் நியாயம்! ஒங்க சாமிய நான் காலால தள்ளிட்டு, அப்பால என் ஊட்டுக்காரரு தையல் மிஷினத் தலைல தூக்கிகினு பூந்தமல்லிக்கு ஓடணுமா? வேணும்னா கையால தூக்கி வைக்கறேன். இந்தக் கொயந்தயக் கொஞ்சம் புடி."

"நீ ஏன் தூக்கற? அவளே வரட்டும்," என்றாள் கஸ்தூரி. சொல்லிவிட்டு, பையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் வேறு. லட்சுமியைத் தாண்டிப் போகிறாளாம்.

ஒருத்தி சுற்றினால் அப்புறம் என்ன? வரிசை முழுக்கச் சுற்றியது. நாகவல்லி ஈர முந்தானையோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது அவள் பை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். பைக்கு இரண்டு பக்கமும் தெருவே இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்தில்தான் சத்தம் தொடங்கியது.

"எட்டாவது பை என்து! யார வேணும்னா கேளு. தள்ளலன்னா இன்னா அர்த்தம்? எடம் இல்லன்னு ஆயிடுமா?"

"எடம் கீதே! அதோ கீது. போய் நில்லு. ஒன் எடத்த யாராச்சும் தூக்கிகினு பூட்டாங்களா?" என்றாள் கஸ்தூரி.

வரிசையில் சிரிப்பு. நாகவல்லிக்கு முகம் சிவந்தது.

"துணிப்பையா இருந்தா தள்ளியிருப்பே இல்ல? என் பையப் பாத்ததும் ஒனக்கு வயிறு எரிஞ்சிது. பத்து மாசமா எரிஞ்சிது."

"யாருக்கு? எனுக்கா? சாமிய வாங்கித் தரையில வச்சி, உள்ள செங்கல்லச் சொருவி, நாயி பக்கத்துல நிறுத்திட்டுப் போனவ நீ. எனுக்கு ஏன் எரியணும்? எரிஞ்சா அந்த லட்சுமிக்குத்தான் எரியணும்."

கஸ்தூரி சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பது நாகவல்லிக்கே உறைத்தது. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"என் பொண்ணு நிச்சயத்தக் கெடுக்கத்தானே இப்டிப் பண்றே? ஒன் கொயுந்தனுக்குத் தரலன்னு."

"தோ பார், என் கொயுந்தன இஸ்காத! அவனுக்கு ஆயிரம் பொண்ணு."

"ஆயிரத்துல ஒருத்தியக் கட்டி வையேன். பம்ப்பு துருப்புடிக்குது."

சத்தம் கேட்டுக் கஜபதி எழுந்து வந்தான். காதில் பேனா. இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டான். அவன் தலையெழுத்து, நியாயம் சொல்லப் போனான்.

"இங்க பாருங்கம்மா. ஆளு நிக்கிறதுதான் வரிசை. பைக்கெல்லாம் பில்லு போட முடியாது. சூப்பர் மார்க்கெட்டுல பை வைக்கிற வழக்கமே கெடயாது."

அவ்வளவுதான். அதுவரை இரண்டு கட்சியாக இருந்த வரிசை ஒரே கட்சியாகிவிட்டது. ஏனென்றால் வரிசையில் பாதி பைதான்.

"இன்னாது, கெடயாதா? ஏன்யா, ஒன் ஊட்டுக் கொயாயில ஒன் பொண்டாட்டி நிக்கறாளா, கொடம் நிக்குதா?"

"அவுருக்குப் பொண்டாட்டியே கெடயாதுடி."

"அதான் தெரியல!"

"நைனா, நீ போயி கையெழுத்துப் போடு. அழகா வரும்."

கஜபதி பின்வாங்கி மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் தலையை நிமிர்த்தவில்லை.

நாகவல்லி கடைசிக்குப் போய் நிற்க மாட்டேன் என்றாள். கஸ்தூரி முன்னால் விட மாட்டேன் என்றாள். கடைசியில் நாகவல்லி பையைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரிக்குப் பக்கத்திலேயே போய், தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டாள். "இதான் எட்டு. இஷ்டம் இருக்கறவ என் பின்னால நில்லுங்க," என்று அறிவித்தாள். புதிதாக வந்தவர்கள் எது வரிசை என்று தெரியாமல் குட்டையாக இருந்த பக்கம் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கதவுக்கு இரண்டு வரிசை.

உள்ளேயும் அப்படியே போனார்கள். அலமாரிகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் ஒருத்தர்தான் போகலாம். இவர்கள் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி நகர்ந்தார்கள். ஒரு சோப்பு அடுக்கு சரிந்தது. இரண்டு பேரும் குனியவில்லை. குனிந்தால் இடம் போய்விடும். ஜுலைகாதான் குழந்தையை இடுக்கிக்கொண்டே பொறுக்கி வைத்தாள். "சண்ட போடறது நீங்க, சோப்பு அடுக்கறது நானா?" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

ஜுலைகா பின்னால் வந்திருந்தாலும், இவர்கள் இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடுவே புகுந்து முன்னே போய், தன் இரண்டு கிலோவை வாங்கிக்கொண்டு விட்டாள். அவளுக்கு முன்னும் பின்னும் வரிசையில் பாதிப் பேர் அப்படியே போனார்கள். பில் மேஜைக்கு இவர்கள் வந்து சேர்ந்தபோது மேஜையின் மேல் ஒரே ஒரு சர்க்கரைக் கவர் இருந்தது.

கஜபதி பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சர்க்கரை இதோட சரி. அடுத்த மாசம்தான்."

"எழுது," என்றாள் கஸ்தூரி. கார்டை மேஜைமேல் அறைந்தாள்.

"எழுதினே, கைய ஒடிப்பேன்," என்றாள் நாகவல்லி.

கஜபதி எழுதினான். எழுதியது கஸ்தூரியின் கார்டில். அவள் கார்டு மேஜைமேல் இருந்தது, நாகவல்லியின் கார்டு இன்னும் லட்சுமிப் பைக்குள் செங்கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் வேறு என்னதான் செய்வான்.

கஸ்தூரி கவரைக் கையில் எடுத்தாள். வாசல் வரைக்கும் போனாள். படியில் கால் வைக்கும்போது நாகவல்லி பின்னாலிருந்து கவரின் அடியைப் பிடித்துவிட்டாள்.

காகிதப் பொட்டலமாக இருந்தால் அங்கேயே கிழிந்து கதை முடிந்திருக்கும். பிளாஸ்டிக் ஆயிற்றே, இரண்டு பேருக்கும் ஈடு கொடுத்தது. இவள் இழுக்க, அவள் இழுக்க, கவர் கொக்கின் கழுத்து மாதிரி நீண்டது, நடுவில் வெளுத்தது.

"உடுடி!"

"நீ உடுடி! பில்லு என் பேருல கீது!"

"எடம் என்து!"

"சக்கர என்து!"

"யம்மா, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிலோன்னு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து 'சர்' என்று ஒரு சத்தம். இரண்டு கிலோ சர்க்கரையும் படியிலிருந்து சரளைக்கல் வரைக்கும் வெள்ளையாகக் கொட்டியது.

ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று கூவிவிட்டுப் போனது. ஆளுக்குப் பாதிக் கவர் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். அள்ளலாம் என்று ஒருத்தி குனிந்து பார்த்தாள். மண்ணும் மாட்டுச்சாணமும் கலந்த இடம், நிமிர்ந்துவிட்டாள்.

"எறும்புக்கு இன்னிக்கே நிச்சயதார்த்தம்," என்றாள் ஜுலைகா.

கஸ்தூரி கையிலிருந்த கிழிசலை நாகவல்லியின் காலடியில் எறிந்தாள்.

"ஞாயித்துக்கெயமதானே? பாக்கறேன். எப்டி நடக்குதுன்னு நானும் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கஸ்தூரி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, பெட்டியில் இருந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பட்டணம் போகிற பக்கம் நிற்காமல் எதிர்ப் பக்கம் நின்றாள். டிக்கெட் ஜன்னலில் அவளுக்குப் பின்னால் இருந்தது உஸ்மான் கனி. அவர் எதையும் யாரிடமும் சொல்லாத மனிதர். மனைவியிடம் மட்டும் சொல்வார்.

"நெமிலிச்சேரி ஒன்னு, போக வரன்னு கேட்டாளாம்," என்று ஜுலைகா வந்து சொன்னபோது நாகவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

"சொல்லிடுவா. ஒன்னுக்குப் பத்தா சொல்லிடுவா," என்றாள்.

"நீ போயி முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"இன்னான்னு சொல்றது? 'சம்மந்தியம்மா, நான் நடுரோட்ல கவரப் புடிச்சி இஸ்தேன், நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க'ன்னா?"

கன்னியப்பன் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கஸ்தூரி கிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுப் பாரேன்," என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு இல்லை.

பேபி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் எதற்குமே எதுவும் சொல்கிற பெண் இல்லை. இரண்டாவது தோசை வேண்டுமானால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாராவது பார்க்கிற வரைக்கும்.

சனிக்கிழமை ஜுலைகா ஒரு டம்ளர் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள். காபிக்கு ஆயிற்று. லட்டுக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாகவல்லி வெல்லம் போட்டுக் கேசரி கிண்டினாள். அது கேசரி நிறத்துக்கு வராமல் செம்மண் நிறத்தில் வந்து நின்றது. கிண்டும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொன்னாள்.

ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தாயிற்று. கஸ்தூரி தன் வாசலில் ஒரு கூடை கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கீரையை அவள் இலை இலையாக ஆய்ந்தாள். பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தெருமுனையில் தாம்பாளங்களோடு ஒரு கூட்டம் தெரிந்தது. நாற்பது பேர் இல்லை. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

பன்னிரண்டு பேர் எதற்கு வருவார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் என்று நாகவல்லி முடிவு கட்டிவிட்டாள். பாயை விரித்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் வேம்புலியம்மாள் ஒல்லியாக, நெற்றி நிறைய குங்குமத்தோடு இருப்பாள். விதவை ஆவாள் என்று ஊரே காத்திருந்தபோது, சீக்குக்காரப் புருஷனை நாலு வருஷமாகக் கஞ்சி ஊற்றியே தேற்றி நடமாட விட்டவள் என்று பெயர். உட்கார்ந்தாள். கேசரியை ஒரு வாய் போட்டாள். மென்றாள்.

"லட்டுன்னு சொன்னாங்க," என்றாள்.

கன்னியப்பன் மேலே கூரையைப் பார்த்தார்.

"ஒங்க தெருவுலேந்து ஒரு அம்மா வெள்ளிக்கெயம வந்தாங்க," என்றாள் வேம்புலியம்மாள், அதே குரலில். "ரெண்டு வெல்லக் காபி குடிச்சாங்க. மூணாவது சக்கர போட்டுக் கேட்டாங்க. சக்கர இல்லன்னேன்."

பக்கத்து வாசலில் கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது.

"நடுரோட்ல கவரப் புடிச்சி இஸ்தீங்களாமே?"

நாகவல்லி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் பழக்கம் இல்லை.

"இஸ்தேன்."

"ஏன்?"

"அது என் எடம். எட்டாவது. வேணும்னே தள்ளாம உட்டா."

"கடைசில சக்கர அந்தம்மாவுக்குக் கெடச்சிதா?"

"இல்ல. கொட்டிடுச்சி."

"அப்ப நீங்க உடல."

"உடல."

வேம்புலியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மூத்த மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது.

"எங்க ஊட்ல மூணு மாசமா சக்கர இல்ல," என்றாள் வேம்புலியம்மாள். "இவ போயி நிக்கறா. முன்னால நாலு பேரு பூந்துடறாங்க, பின்னால நாலு பேரு பூந்துடறாங்க. இவ கம்முனு நிக்கறா. கேட்டா, 'எனுக்குச் சண்ட போடத் தெரியாது அத்தே'ன்றா. என் ரெண்டு புள்ளிங்களும் அப்டித்தான், வாயில்லாப் பூச்சிங்க. அந்தம்மா வந்து சொல்லச் சொல்ல, நான் என் ஊட்டுக்காரரு கிட்ட சொன்னேன்: இந்த ஊட்டுப் பொண்ணுதான் நமக்கு வேணும்."

நாகவல்லிக்குக் காதில் விழுந்தது புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"மத்தவங்கள்லாம் வரலியே?" என்று மட்டும் கேட்டாள்.

"பயந்துகினு வரல."

பிறகு வேம்புலியம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னே ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. பொண்ணு ஒங்கள மாறியா?"

உள்ளே கதவுக்குப் பின்னால் பேபி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால்தான் வருவாள், ஆறிப் போனாலும் கூப்பிடுகிற வரைக்கும் நிற்பாள். நாகவல்லி அந்தக் கதவை ஒரு தடவை பார்த்தாள். வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரமாக அவள் எதையும் யோசித்தது கிடையாது.

"எனுக்கு மேல," என்றாள்.

கன்னியப்பனுக்குப் புரையேறியது. ஜுலைகா சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

பேபியைக் கூப்பிட்டார்கள். வந்தாள். காபி கொடுத்தாள். வேம்புலியம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "இன்னா கண்ணு, வரிசைல எவளாச்சும் முன்னால பூந்தா இன்னா செய்வே?" என்று கேட்டாள்.

பேபி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை உருட்டினாள்.

"கேப்பேன்," என்றாள் பேபி, கொசு ரீங்காரம் மாதிரி.

"இப்ப அடக்கமா கீது. இருக்கணும்தான், சபைல," என்று திருப்தியோடு தலையாட்டிவிட்டு, வேம்புலியம்மாள் தாம்பாளத்தை மாற்றிக்கொண்டாள். வெல்லக் கேசரியில் முப்பது பேர் பங்கு மிச்சம். தெருவுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஒரு வீட்டைத் தவிர.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. கஸ்தூரி வரவில்லை, பாட்டுப் பெட்டி சத்தம் காதைப் பிளக்கிறது என்று மூன்று தடவை ஆள் அனுப்பினாள்.

பேபி நெமிலிச்சேரிக்குப் போன முதல் மாதமே குட்டு உடைந்துவிட்டது. அங்கே ரேஷன் கடையில் கைக்குழந்தைக்காரி வந்தால் பேபி இடம் விடுவாள். வயசானவர் வந்தால் விடுவாள். அவசரம் என்று சொன்னாலே போதும், விடுவாள். நாலு மணி நேரம் நின்று, போகும்போது இருந்த இடத்துக்கும் பின்னால் போய்விட்டுக் காலிப் பையோடு திரும்பி வந்தாள். வேம்புலியம்மாள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக ரயிலேறித் திருமுல்லைவாயிலுக்கு வந்தாள்.

"பொய் சொன்னீங்க," என்றாள்.

"சொன்னேன்," என்றாள் நாகவல்லி.

"அப்ப நீங்களே வந்து நில்லுங்க."

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு நாள் நாகவல்லி முதல் ரயிலில் நெமிலிச்சேரிக்குப் போனாள். அந்த ஊர்க்காரர்கள் அவளுக்குப் பயப்பட ஆரம்பித்தார்கள். சம்மந்தியம்மாள் இரண்டு பேருக்கும் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பண்டிகைக்குக் கூட ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிட மாட்டார்கள்.

கஜபதி வேறு கடைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், அங்கே ஒரு டைப்பிஸ்ட் பெண்ணைக் கட்டிக்கொண்டான். துலுக்கானத்துக்கு எண்பதில் சென்னீர்குப்பத்தில் பெண் கிடைத்தது. மாமனாருக்கு நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர்க் கடை. ஆள் பலம் வேண்டும் என்று அண்ணனையும், அதாவது கஸ்தூரியின் புருஷனையும், கூப்பிட்டுக்கொண்டான். கஸ்தூரி வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள்.

போன அன்று நாகவல்லி நெமிலிச்சேரியில் இருந்தாள். சாயங்காலம் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஜுலைகாவிடம் கேட்டாள்.

"எப்ப கெளம்பிப் பூட்டா?"

"மத்தியானம்."

"இன்னா சொன்னா?"

"ஒன்னும் சொல்லல."

"ஒன்னுமே சொல்லலியா?"

"வண்டி ஏத்தறப்ப, 'அவ இல்லாத நாளாப் பாத்துதான் போறேன்'னா."

நாகவல்லிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கன்னியப்பன் வெளியில்தான் சாப்பிட்டார்.